கணவர் விமானி, கம்பெனி இணைகிறது: கொண்டோ வாங்கலாமா?

கேள்வி: அக்கா, என் கணவர் எட்டு வருடமாக இங்கே சிங்கப்பூரில் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி, வயது 36. அடிப்படைச் சம்பளம் 6,500 வெள்ளி, பறக்கும் படிகள் சராசரியாக மாதம் 3,500. நான் தாதி, 4,800 வெள்ளி. செங்காங்கில் அரசாங்க நான்கறை வீடு, ஒரு பையன். அடுத்த வருடம் அவருக்குக் கமாண்ட், அதாவது கேப்டன் பதவி, வந்துவிடும் என்று நம்பி எக்சிகியூட்டிவ் கொண்டோமினியம் (அரசாங்க நிபந்தனைகளோடு விற்கும் தனியார் அடுக்குமாடி வீடு) ஒன்றுக்குப் பதிவு செய்ய இருந்தோம். இப்போது அவர் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு இணையப் போகிறதாம். வேலை போகுமா, சம்பளம் குறையுமா, பேசாமல் வளைகுடாப் பக்கம் மாறிவிடலாமா என்று வீட்டில் தினமும் இதே பேச்சு. என்ன செய்வது?

பதில்: வேலை போகுமா என்பதைத்தான் முதலில் கேட்கிறீர்கள், எல்லோரும் அப்படித்தான். ஆனால் விமானி வீட்டில் முதலில் கேட்க வேண்டியது வேறு: புதுப் பட்டியலில் அவர் எத்தனையாவது ஆள்? எந்த விமானம், எந்த ரோஸ்டர் (பணி அட்டவணை), எப்போது விடுப்பு, எப்போது கமாண்ட், ஆள் குறைக்கும்போது யார் முதலில் வெளியே, இதெல்லாம் பல நிறுவனங்களில் அந்த சீனியாரிட்டி எண்ணை, அதாவது பணிமூப்பு வரிசை எண்ணை, ஒட்டித்தான் நடக்கிறது. இணைப்பு என்றால் இரண்டு பட்டியலை ஒன்றாக்குவது. சண்டை வருவதும் அங்கேதான்.

அமெரிக்காவில் இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துவிட்டார்கள். 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ என்ற இன்னொரு விமான நிறுவனத்தை வாங்கியபோது, டிடபிள்யூஏ விமானிகளில் நிறையப் பேரைப் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள். அந்த வருடமே செப்டம்பர் 11 தாக்குதல். ஆட்குறைப்பு வந்தபோது அடியில் இருந்தவர்கள்தானே முதலில் போவார்கள், போனார்கள். அந்தக் கசப்பில்தான் 2007இல் அங்கே சட்டமே வந்தது: பட்டியலை நியாயமாக இணைக்க வேண்டும், இரு தரப்பும் ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. இன்னொரு கதை, யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் இணைந்தது 2005இல். யூஎஸ் ஏர்வேஸில் பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள், நேற்று வந்த பையனுக்குக் கீழே போனோம் என்று கொதித்து, 2007இல் வந்த நடுவர் தீர்ப்பை ஏற்காமல், தங்கள் சங்கத்தையே மாற்றிவிட்டார்கள். அந்தச் சண்டை முடிவதற்குள் அந்த நிறுவனமே 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்துவிட்டது, கடைசிப் பட்டியல் வந்தது 2016இல். இடைப்பட்ட காலத்தில் இரு தரப்பும் பழைய குறைந்த சம்பள ஒப்பந்தத்திலேயே பல வருடம் ஓட்டினார்கள். பணக் கணக்கில் பார்த்தால் எனக்கு உறைப்பது இந்த இடம்தான்: யாரும் சம்பளத்தை வெட்டவில்லை, ஆனால் ஏற வேண்டியது ஏறவில்லை.

நமக்குப் பக்கத்துக் கதையும் உண்டு. இந்தியாவின் விஸ்தாராவும் ஏர் இந்தியாவும் 2024 நவம்பரில் இணைந்தன, அதில் எஸ்ஐஏவுக்கு (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) 25.1 விழுக்காடு பங்கு. இணைவதற்கு முன்பே, அந்த வருட ஏப்ரல் வாக்கில், விஸ்தாரா விமானிகள் கொந்தளித்து விமானங்கள் ரத்தானது நினைவிருக்கும். காரணம் அடிப்படைச் சம்பளம் மட்டுமில்லை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்கு உத்தரவாதப் பணம் என்றிருந்ததை 40 மணி நேரமாக்கினார்கள். அதனால் சொல்கிறேன், உங்கள் கணவரின் புது ஒப்பந்தம் வரும்போது மேல் வரியில் இருக்கும் அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள், உத்தரவாத மணி நேரம் எத்தனை என்ற வரியைத் தேடுங்கள்.

சரி, சிங்கப்பூரில் என்ன பாதுகாப்பு? வேலை நியமனச் சட்டத்தில் 18ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தொழில் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறினால் வேலை ஒப்பந்தம் முறியாது, அதே நிபந்தனைகளோடு புது முதலாளியிடம் தொடரும், உங்கள் கணவரின் எட்டு வருடச் சேவையும் கணக்கில் நிற்கும். 2019 ஏப்ரலிலிருந்து சம்பள வரம்பில்லாமல் மேலாளர், நிர்வாகிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வெறும் பங்குகள் மட்டும் கைமாறினால் முதலாளி அதே நிறுவனம்தான், ஒப்பந்தமும் அதேதான். ஆனால் கவனியுங்கள், சேவைக்காலம் வேறு, சீனியாரிட்டி எண் வேறு. எட்டு வருடம் எட்டு வருடமாகவே இருக்கும், பட்டியலில் அவரை எங்கே வைப்பார்கள் என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. அது நிர்வாகமும் சங்கமும் மேசையில் உட்கார்ந்து பேசுவது. அவர் சங்கத்தில் உறுப்பினரா? இல்லையென்றால் இந்த வாரமே.

இன்னொன்று, பயிற்சிக்கான பாண்ட் (இத்தனை வருடம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) பாக்கி இருந்தால் அதுவும் ஒப்பந்தத்தோடு புது முதலாளியிடம் போய்விடும். கம்பெனி மாறியது, பாண்ட் தீர்ந்தது என்று நினைத்து வளைகுடாவுக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு துணை விமானி, இப்படி இணைப்பு வந்த சமயம், தேக்கா சந்தையில் தே தாரே ஆறிப்போகும்வரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். 212ஆக இருந்த எண் 640ஆகிவிட்டதாம், போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். நான் கேட்டேன், தம்பி, பழைய பட்டியலில் மொத்தம் எத்தனை பேர்? 300. புதுசில்? 900 சொச்சம். இரண்டுமே மேலிருந்து ஏறக்குறைய 71 விழுக்காடு. அவர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறார்! எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், விழுக்காட்டைப் பாருங்கள். அதோடு உங்கள் கணவருக்கு மேலே இருப்பவர்களின் வயதையும். 65க்கு மேல் இரு விமானி ஓட்டும் வணிக விமானத்தில் பறக்க முடியாது, எனவே மேலே ஐம்பத்தைந்து அறுபது வயதுக்காரர்கள் நிறைய இருந்தால் இடம் தானாகக் காலியாகும். இணையும் நிறுவனத்தில் எல்லோரும் முப்பதுகளில் இருந்தால் கமாண்ட் தள்ளித்தான் போகும், அது அடுத்த வருடமாக இருக்காது.

வளைகுடா யோசனையை நான் ஏன் இழுத்துப் பிடிக்கிறேன் என்றால், சீனியாரிட்டி எண் கூட வராது. வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் பொதுவாகப் பட்டியலின் அடியிலிருந்துதான். அந்தத் தம்பி மாதிரி இங்கே 71 விழுக்காட்டில் இருப்பவர் அங்கே போனால் நூறில் நூறாவது ஆள். சம்பளம் கூடுதலாகத் தெரியலாம், ஆனால் அடுத்த சறுக்கலில் முதலில் வெளியே போவது உங்கள் கணவராகவும் இருக்கலாம். பட்டியல் வெளியாகும்வரை பொறுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். எக்சிகியூட்டிவ் கொண்டோமினியத்துக்கு மாதத் தவணை மொத்த வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஏறி இறங்கும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டை வங்கி கழித்துவிடும், எனவே 3,500 படி 2,450 ஆகிவிடும். 6,500, 2,450, உங்கள் 4,800 எல்லாம் சேர்ந்து 13,750. தவணை வரம்பு 4,125 வெள்ளி. வங்கி அதுவரை தரும், நான் தர மாட்டேன். படி ஒரு காசும் வராது என்று வைத்துப் பாருங்கள்: 11,300, அதில் 30 விழுக்காடு 3,390. உங்கள் எல்லை இதுதான். கமாண்ட் சம்பளம் இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது.

மத்திய சேம நிதியையும் மறந்துவிடாதீர்கள். படிகளுக்கும் நிதி கட்டுகிறார்கள் என்றால் இப்போது 2026ஆம் ஆண்டின் 8,000 வெள்ளி வரம்பு வரை போகிறது. படி போனால் 6,500க்குத்தான். அவர் வயதுக்கு, வீட்டுத் தவணைக்கு எடுக்கக்கூடிய சாதாரணக் கணக்கில் சேருவது 21 விழுக்காடு, ஆக மாதம் 315 வெள்ளி குறையும், அதைத் தவணைக்குக் கைக்காசிலிருந்து போட வேண்டும். புது வீடு கைக்கு வந்ததும் ஆறு மாதத்துக்குள் செங்காங் வீட்டை விற்றாக வேண்டும் என்பதால், திரும்பிப் போக இடமும் இருக்காது.

ஆட்குறைப்பு இழப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இங்கே அதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி சொல்வது ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம்வரை என்ற வழக்கம். வேலை இழந்ததற்கான இழப்பீட்டுக்கு வரி இல்லை, அது ஒரு நல்ல சேதி. அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் சராசரியாக மாதம் 5,000 வெள்ளி வரை சம்பாதித்தவர்களுக்கு, அவருக்குக் கிடைக்காது. 2020இல் எஸ்ஐஏ குழுமமே சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்த ஊர் இது. எனவே ஒன்பது மாதச் செலவைத் தொடாத கணக்கில் போடுங்கள், சாதாரணமாக ஆறு மாதம் என்பேன், விமானிக்கு ஒன்பது. மருத்துவத் தகுதி போனால் பணம் தரும் உரிமம் இழப்புக் காப்பீடு இப்போதைய நிறுவனம் எடுத்துக் கொடுத்ததா, சொந்தமாக எடுத்ததா என்பதையும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள், நிறுவனம் கொடுத்ததென்றால் இணைப்புக்குப் பிறகும் அதே தொகைக்குத் தொடருமா என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

முன்பதிவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், இன்னொரு கொண்டோ கட்டாமலா இருக்கப் போகிறார்கள். பட்டியல் வந்ததும் அவருடைய எண், மொத்தம் எத்தனை பேர், உத்தரவாத மணி நேரம் எவ்வளவு என்ற மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.