ஓ.டி.பி. படிப்பு: சம்பளத்தோடு அப்ரண்டிஸ்ஷிப்பா, கடன் வாங்கி முழுநேரமா?

கேள்வி: இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஒரு என்.ஹெச்.எஸ். (பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை) மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் உதவிப் பணியாளராக ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 34. பேண்ட் 3 (என்.ஹெச்.எஸ். சம்பளப் படிநிலைகளில் ஒன்று), அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 26,598 பவுண்டு. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் வேலைக்குப் போகிறேன். எங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை உண்டு. பிள்ளைகளுக்கு ஏழு வயது, இரண்டு வயது. சின்னவன் நர்சரிக்குப் போகிறான். மருத்துவமனையில் ஓ.டி.பி. (ஆபரேட்டிங் டிபார்ட்மென்ட் பிராக்டிஷனர், அதாவது ஆபரேஷன் தியேட்டரின் பதிவு பெற்ற பணியாளர்) ஆவதற்கான டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்புக்கு, அதாவது வேலை பார்த்தபடியே பட்டம் பெறும் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். என் கணவரோ, 'அப்ரண்டிஸ் என்றால் சம்பளமும் குறையும், மதிப்பும் குறையும். கடன் வாங்கியாவது பல்கலைக்கழகத்தில் முழுநேரம் படி' என்கிறார். அடுத்த ஆண்டு வீடு வாங்கும் எண்ணமும் இருக்கிறது. எது நல்லது?

பதில்: உங்கள் நிலையில் இருப்பவருக்கு அப்ரண்டிஸ்ஷிப்தான் நல்ல வழி. ஆனால் பயிற்சிக் காலத்தில் என்ன சம்பளம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

முதலில் உங்கள் கணவரின் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். ஆபரேட்டிங் டிபார்ட்மென்ட் பிராக்டிஷனர் என்று சொல்லிக்கொள்ள, எந்த வழியில் படித்தவராக இருந்தாலும் ஹெச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இந்தப் பதிவுக்கான அடிப்படைத் தகுதி டிப்ளமோவிலிருந்து பட்டமாக உயர்ந்துவிட்டது. அப்ரண்டிஸ்ஷிப்பில் சேர்பவரும் பல்கலைக்கழகம் வழங்கும் பட்டத்தைத்தான் பெறுகிறார். மயக்க மருந்து நிபுணருக்குத் துணை நிற்பது, அறுவையின்போது கருவிகளை எடுத்துக் கொடுப்பது, அறுவை முடிந்து நோயாளி கண்விழிக்கும்வரை உடனிருந்து கவனிப்பது ஆகிய மூன்று பிரிவுகளிலும் அப்ரண்டிஸுக்கும் முழுநேர மாணவருக்கும் ஒரே பயிற்சிதான். ஐந்து ஐந்தாகக் கட்டி வரும், ரத்தம் ஒற்றும் துணித் துண்டுகளை எண்ணி வெள்ளைப் பலகையில் குறிக்கும்போது ஏற்கெனவே பக்கத்தில் நின்று பழகியவர் நீங்கள். அந்த அனுபவத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் பெறுவதில் மதிப்புக் குறைவு எதையும் நான் காணவில்லை.

இனி பணத்துக்கு வருவோம். அப்ரண்டிஸ்ஷிப்பில் கல்விக் கட்டணம் உங்கள் கையிலிருந்து போகாது. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் நிறுவனங்கள், அந்த மிகுதியில் 0.5 சதவீதத்தை அப்ரண்டிஸ்ஷிப் லெவி என்ற பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. பெரிய மருத்துவமனைகள் எல்லாம் இதைக் கட்டுபவைதாம். உங்கள் கட்டணம் அந்தக் கணக்கிலிருந்து நேரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். வகுப்பும் பயிற்சியும் சம்பளத்துடன் கூடிய வேலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பதும் விதி. 2026 ஜனவரியிலிருந்து 22 வயது நிரம்பிய புதியவர்களுக்குப் பெரும்பாலும் நிதி நிறுத்தப்பட்டது முதுகலைக்கு இணையான 7ஆம் நிலைக்குத்தான், ஓ.டி.பி. 6ஆம் நிலைப் படிப்பு என்பதால் அந்தச் செய்தியைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

சம்பள விஷயத்தில்தான் நிதானம் தேவை. அப்ரண்டிஸ்களுக்கு இன்ன சம்பளம் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான ஒரே நடைமுறை கிடையாது. சில இடங்களில் பழைய பேண்ட் சம்பளத்தையே தொடர்கிறார்கள். சில இடங்களில் பேண்ட் 2க்கு இறக்குகிறார்கள். வேறு சில இடங்களில் அஜெண்டா ஃபார் சேஞ்ச் என்ற என்.ஹெச்.எஸ். சம்பள விதிக் கையேட்டின் 21ஆம் பின்னிணைப்பைப் பின்பற்றி, தகுதி பெற்றபின் கிடைக்கும் பேண்டின் உச்சச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருகிறார்கள். மூன்று ஆண்டுப் பயிற்சி என்றால் அந்தப் பங்கு முதலாண்டில் 65, இரண்டாமாண்டில் 70, மூன்றாமாண்டில் 75 சதவீதம். ஓ.டி.பி. சேரும் பேண்ட் 5இன் உச்சம் 2025-26 விகிதப்படி 37,796 பவுண்டு. ஆக, முதலாண்டில் 24,567, அடுத்து 26,457, கடைசி ஆண்டில் 28,347. மூன்றையும் கூட்டினால் 79,371. நீங்கள் இப்போதைய வேலையிலேயே இருந்தால் அதே மூன்று ஆண்டுகளில் அடிப்படைச் சம்பளமாக வாங்கக்கூடியது 79,794. மொத்தமாகப் பார்த்தால் 423 பவுண்டுதான் வித்தியாசம். எனவே இந்த முறையில் 'சம்பளம் குறையும்' என்று உங்கள் கணவர் அஞ்சுவது பெரும்பாலும் முதலாண்டுக்குத்தான் பொருந்தும்.

அந்த முதலாண்டை மட்டும் கவனமாகப் பாருங்கள். அடிப்படையில் 2,031 பவுண்டு குறையும். வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் ஆகியவையும் அதற்கேற்பக் குறைவதால், மாதம் கைக்கு வருவதில் சுமார் 113 பவுண்டு குறையும். சம்பளச் சீட்டில் ஞாயிறு வேலைக்கெனத் தனியாகக் காட்டப்படும் தொகையையும் மறந்துவிடாதீர்கள். பேண்ட் 3க்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 69 சதவீதம் கூடுதல். உங்கள் விகிதத்தில் அது மணிக்கு 9 பவுண்டு 39 பென்ஸ். ஏழரை மணி நேர ஷிஃப்ட் இரண்டு என்றால் மாதம் ஏறக்குறைய 141 பவுண்டு, பிடித்தம் போகக் கையில் 94. பயிற்சிக் கால அட்டவணையில் இந்த ஞாயிறுகள் இருக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். இரண்டையும் சேர்த்தால் மாதம் 207 பவுண்டு, ஆண்டுக்கு 2,500 பவுண்டை ஒட்டிய துண்டு விழும். சேர்வதற்கு முன்பே அந்த 2,500ஐ வீட்டு முன்பணத்தோடு கலக்காமல், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவையுங்கள். தேர்ச்சி பெற்றதும் பேண்ட் 5இன் தொடக்கமே 2025-26 விகிதப்படி 31,049. இரண்டு ஆண்டுகள் கழித்து 33,487. நான்கு ஆண்டுகளில் உச்சம். நீங்களோ பேண்ட் 3இன் உச்சியில் இருக்கிறீர்கள். அங்கேயே இருந்தால் வருடாந்தரப் பொது உயர்வைத் தவிர வேறு ஏற்றம் இல்லை.

முழுநேரப் படிப்பின் கணக்கு இதற்கு நேர்மாறானது. 2025-26இல் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. மூன்று ஆண்டுக்கு 28,605. அரசு கடன் தரும், என்.ஹெச்.எஸ். கற்றல் ஆதரவு நிதியிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டாத 5,000 பவுண்டும், பிள்ளைகள் உள்ளவர் என்பதால் மேலும் 2,000 பவுண்டும் ஆண்டுதோறும் கிடைக்கலாம். ஆனால் சம்பளம் நின்றுபோகும். கடனை 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட வருமானத்தில் 9 சதவீதமாகப் பிடிப்பார்கள். பேண்ட் 5 தொடக்கத்தில் ஆண்டுக்கு 544 பவுண்டு, உச்சத்தில் 1,150 பவுண்டுக்குச் சற்று மேல். நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் மிச்சத்தைத் தள்ளுபடி செய்வார்கள். உங்கள் வயதுக்கு, வேலையில் இருக்கும் காலம் முழுவதும் அந்தப் பிடித்தம் தொடரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுக்கும்போது பலர் பார்க்கத் தவறுவது நர்சரிச் செலவை. வேலை பார்க்கும் பெற்றோருக்கான வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பு கிடைக்க, பெற்றோர் இருவருமே குறைந்தபட்ச வருமானம் ஈட்ட வேண்டும். சம்பளம் வாங்கும் அப்ரண்டிஸுக்கு இந்த உரிமை தொடரும். வேலை எதுவும் பார்க்காத முழுநேர மாணவிக்கு நின்றுவிடும். மாணவியானால் கவுன்சில் வரியில் 25 சதவீதம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் நர்சரிக் கட்டணத்துக்கு முன்னால் அது சிறு தொகை. ஓய்வூதியமும் அப்படித்தான். அப்ரண்டிஸாக இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் சம்பளத்தில் 54இல் ஒரு பங்கு ஆண்டு ஓய்வூதியமாகச் சேரும். மேலே சொன்ன மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு அது ஆண்டுக்கு 1,470 பவுண்டு. பணியில் இருக்கும்வரை விலைவாசி உயர்வோடு 1.5 சதவீதமும் கூடி அது வளரும். முழுநேர மாணவிக்கு அந்த மூன்று ஆண்டுகளில் ஒன்றும் சேராது.

மருத்துவமனை ஒப்பந்தம் தரும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பயிற்சிக் காலச் சம்பளம் ஆண்டுவாரியாக எவ்வளவு? உங்கள் தற்போதைய நிரந்தர வேலை தொடருமா, அல்லது குறிப்பிட்ட கால ஒப்பந்தமாக மாறுமா? தேர்ச்சி பெற்றதும் பேண்ட் 5 இடம் உறுதியா? பாதியில் விலகினால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் உடனே கேள்வி எழுப்புங்கள். அப்ரண்டிஸ்ஷிப் நிதி விதிகளின்படி, படிப்பை முடித்தாலும் இடையில் விட்டாலும், பயிற்சிச் செலவை அப்ரண்டிஸிடம் கேட்கக் கூடாது. நீங்கள் சார்ந்திருக்கும் தொழிற்சங்கத்திடம் காட்டாமல் அப்படிப்பட்ட தாளில் கையெழுத்திட வேண்டாம்.

இதே கேள்வியோடு இருக்கும், துணைவர் விசாவில் வந்த வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பொதுவாக அரசின் மாணவர் கடன் கிடைக்காது. ஆனால் வேலை செய்யும் உரிமையோடு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரிட்டனில் வசித்திருந்தால், அப்ரண்டிஸ்ஷிப் நிதிக்குத் தகுதி பெற முடியும். ஊரில் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றிருப்பதும் தடையில்லை. புதிய பயிற்சி உண்மையிலேயே புதிய திறன்களைத் தருவதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக் கடன் விஷயத்தில் ஒரு சபலம் வரக்கூடும்: பயிற்சியில் சேர்வதற்கு முன்பே, இப்போதைய சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கிவிடலாமே என்று தோன்றும். வருமானம் குறையப்போவது தெரிந்திருந்தால், விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். மறைத்துக் கடன் வாங்குவது சட்டப்படியும் தவறு, தவணையைக் கட்டப்போகிற உங்களுக்கும் ஆபத்து. கடன் கொடுப்போர் பலரும் வருமானத்தின் நாலரை மடங்கை ஒட்டியே கணக்கிடுவதால், அடிப்படையில் 2,031 குறைந்தால் கடன் தொகையில் சுமார் 9,100 பவுண்டு குறையும். அந்தக் குறைந்த தொகைக்குள் வீடு அமையுமானால் தாராளமாக வாங்குங்கள். அமையாவிட்டால் இரண்டாமாண்டுச் சம்பளம் 26,457க்கு ஏறும்வரை பொறுத்திருந்து, அதற்குள் முன்பணத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பயிற்சி இடத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.