பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

கேள்வி: டெக்சஸில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள், பள்ளியின் சாக்கர் அணியில் சேர்ந்திருக்கிறாள். அடிபட்டால் கவனிக்க ‘அத்லெடிக் டிரெய்னர்’ ஒருவர் இருக்கிறார் என்கிறார்கள். அவர் பெயருக்குப் பின்னால் ‘எல்.ஏ.டி., ஏ.டி.சி.’ என்று இருக்கிறது. உடற்பயிற்சி சொல்லித்தருபவரிடம் காயத்தைக் காட்டலாமா என்று என் கணவர் தயங்குகிறார். அவருடைய தகுதியை எப்படிச் சரிபார்ப்பது?
– டெக்சஸ் வாசகி ஒருவர்

பதில்: உங்கள் கணவரின் தயக்கத்துக்குக் காரணம் அந்தப் பதவியின் பெயர்தான். ‘டிரெய்னர்’ என்றதும் ஜிம்மில் எடை தூக்கக் கற்றுத்தருபவர்தான் நினைவுக்கு வருகிறார். ‘தடகளப் பயிற்சியாளர்’ என்று தமிழாக்கினால் குழப்பம் இன்னும் கூடிவிடும். அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னர் என்பவர், மருத்துவர் ஒருவரின் வழிகாட்டுதலோடு, காயம் நேராமல் தடுப்பது, நேர்ந்த காயத்தைப் பரிசோதித்து இன்னதென்று கண்டறிவது, அவசர சிகிச்சை தருவது, பிறகு உடலைப் படிப்படியாக ஆட்டத்துக்குத் தயார்செய்வது ஆகியவற்றுக்காகவே படித்துத் தேறிய மருத்துவத் துறையினர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990ஆம் ஆண்டிலேயே இதைத் துணை மருத்துவத் தொழிலாக ஏற்றுக்கொண்டது.

‘ஏ.டி.சி.’ என்பது தேசிய அளவிலான சான்று. அங்கீகாரம் பெற்ற கல்வித் திட்டத்தில் படித்து முடித்து, ‘போர்டு ஆஃப் சர்டிபிகேஷன்’ என்ற அமைப்பின் தேர்வில் வென்றவர்களே அதைப் பயன்படுத்தலாம். இப்போது இத்துறையில் புதிதாக நுழைபவர்கள் முதுகலைப் படிப்பின் வழியாகவே வருகிறார்கள். மூத்தவர் ஒருவரிடம் இளங்கலைப் பட்டம் மட்டுமே இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். அவர் படித்த காலத்தில் விதியே அதுதான். சான்று ஒருமுறை கிடைத்துவிட்டால் ஆயுள் முழுவதும் செல்லும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 50 தொடர்கல்வி அலகுகளை முடிப்பதோடு, அவசர இதய சிகிச்சைப் பயிற்சியையும் விடாமல் புதுப்பித்து வர வேண்டும். ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அந்த அமைப்பின் இணையதளத்தில் அவருடைய பெயரைத் தேடி, சான்று இன்று நடப்பில் உள்ளதா என்று பாருங்கள்.

‘எல்.ஏ.டி.’ என்பது மாநில உரிமம். அத்லெடிக் டிரெய்னர்களுக்கு உரிமம் வழங்கத் தொடங்கிய முதல் மாநிலமே உங்கள் டெக்சஸ்தான், ஆண்டு 1971. மாநிலத்தின் உரிமம் மற்றும் ஒழுங்குமுறைத் துறையின் இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடினால், உரிமம் செல்லுபடியாகிறதா என்பது கட்டணமின்றித் தெரிந்துவிடும். டெக்சஸ் தனக்கென ஒரு தேர்வையும் நடத்தி வந்திருப்பதால், ‘ஏ.டி.சி.’ இல்லாமல் ‘எல்.ஏ.டி.’ மட்டும் வைத்திருப்பவர்களும் அங்கே உண்டு. அவர்களும் முறையாகத் தகுதி பெற்றவர்களே. உங்கள் பள்ளியில் இருப்பவரிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலத்தின் விதியைப் புதிதாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன.

எழுத்துகளைச் சரிபார்த்த பிறகு அவரை நேரில் சந்தித்துப் பேசுவதையும் நான் வலியுறுத்துவேன். முக்கியமாக, வெப்பத் தாக்கத்தால் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உடனே குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி உடல் வெப்பத்தைக் குறைத்த பின்னரே மருத்துவமனைக்கு அனுப்புவோம் என்று அவர் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டி மைதானத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டச் சொல்லுங்கள். கோடைப் பயிற்சி நடக்கும் மாநிலத்தில் இது உயிர் காக்கும் கேள்வி.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தால், 2011ஆம் ஆண்டின் டெக்சஸ் சட்டப்படி, மருத்துவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் பெற்றோரின் கையொப்பமும் இல்லாமல் மாணவி மீண்டும் ஆட முடியாது. அணியின் கோச் தாமாக அனுமதி தரவும் கூடாது. இந்த நடைமுறையை எப்படி நடத்துகிறார் என்று அத்லெடிக் டிரெய்னரிடம் கேளுங்கள். வெளியூர் ஆட்டங்களுக்கும் அவர் உடன் வருகிறாரா, வராத நாளில் அவசரத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.