சுண்டுக்குளியா கோண்டாவிலா, முடிவெடுக்கேலாமல் நித்திரை இல்லை

வணக்கம் அக்கா,

எனக்கு 31 வயசு, மகனுக்கு எட்டு மாசம். கோண்டாவிலில எனக்கு சீதனமா எழுதின வீட்டில அம்மாவோட இருக்கிறம், அப்பா இல்லை. இவருக்கு ரவுணுக்குள்ள வேலை, சுண்டுக்குளியில கண்டி ரோட்டில இருந்து உள்ளுக்க போற ஒரு ஒழுங்கையில வாடகைக்கு வீடு பாத்து வச்சிட்டார், சைக்கிளிலயே வேலைக்கு போகலாம், பெரியாஸ்பத்திரி கிட்ட, நாளைக்கு பள்ளிக்கூடமும் கிட்ட எண்டுறார். எல்லாம் சரிதான். ஆனா அந்த வீட்டு கிணத்து தண்ணி வாயில வைக்கேலாத சவர், வளவும் இல்லை, மதிலோட மதில் முட்டிக்கொண்டு நிக்குது. இஞ்ச மா, பலா, முருங்கை, நல்ல தண்ணி, பிள்ளையை அம்மா பாப்பா. ஒரு கொப்பியில ரெண்டு பக்கமும் எழுதி எழுதிப் பாக்கிறன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் கூடுது. அம்மா "உங்கட விருப்பம்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு அண்டைக்கு இரவு சாப்பிடேல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணச் சனம் இடம்பெயரேக்க, அம்மா இந்த வீட்டைப் பூட்டிப்போட்டு, கைக்குழந்தையா இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவ. அடுத்த வருசம் வந்து பாக்க கூரையே இல்லை, திரும்பக் கட்டினவ. நான் போறன் எண்டு நினைக்கவே நெஞ்சு அடைக்குது, இவரோடயும் சண்டை.

தங்கச்சி,

உங்கட கொப்பியில அம்மா ஒரு பக்கத்திலயும் இருந்திருக்க மாட்டா எண்டு நினைக்கிறன், அதாலதான் கணக்கு முடியுதில்லை. சுண்டுக்குளி ஒரு ஓட்டோ தூரம்தான், ஆனா வீட்டை விட்டுப் போறது எண்டா உங்கட அம்மாவுக்கு அந்த இரவுதான் ஞாபகம் வரும். அது பிடிவாதம் இல்லை. அவ்வளவு இழந்தவைக்கு பழைய பயம் சத்தமில்லாமல் வந்து சாப்பாட்டிலயும் நித்திரையிலயும்தான் கை வைக்கும். ஒருநாள் பின்னேரம் பக்கத்தில இருந்து, வீட்டைப் பற்றிக் கதைக்காமல் அந்த இரவைப் பற்றிக் கேளுங்கோ, சொல்ல விருப்பமில்லாட்டி விட்டிடுங்கோ. ரெண்டு கிழமைக்கு மேல இப்பிடியே சாப்பிடாமல் கிடந்தா மனநல கிளினிக்குக்கு கூட்டிக்கொண்டு போங்கோ, தள்ளிப்போட வேண்டாம்.

இவரிட்டயும் ஒண்டு கேளுங்கோ. சீதன வீட்டில இருக்கிற கனபேர் தனக்கெண்டு ஒரு கதவு வேணும் எண்டதை வாய் திறந்து சொல்லுறேல்லை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எண்டுதான் சொல்லுவினம்.

தண்ணி விசயத்தில ருசியை நம்பாதேங்கோ. தோட்டத்துக்குப் போடுற யூரியா சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால இறங்கி கோண்டாவில் இருக்கிற வலிகாமப் பக்கத்துக் கிணறுகளில நைட்ரேட்டா சேருது, கொதிக்க வச்சாலும் அது போகாது, மாப்பால் கரைச்சுக் குடுக்கிற குழந்தைக்கு அது கூடாது, அதனால ரெண்டு கிணத்துத் தண்ணியையும் சோதிச்சுப் பாருங்கோ.

என்ர எண்ணம், சுண்டுக்குளி வீட்டை முதல்ல ஆறு மாசத்துக்கு எடுங்கோ. கோண்டாவில் வீட்டில உங்கட அறை அப்பிடியே இருக்கட்டும், பிள்ளையின்ர தொட்டிலைக் கழட்ட வேண்டாம். வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு இரவு போறம் எண்டு அம்மாட்ட நாளோட சொல்லுங்கோ, சொன்ன வெள்ளிக்கிழமையில ஒண்டையும் தவற விடாதேங்கோ. அம்மா கதைச்ச பிறகு எனக்குத் திருப்பி எழுதுங்கோ.