ஒற்றைச் செடியிலிருந்து விதை வரை: காட்டுக் காப்பி பற்றிச் சில கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில், மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவில் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியிருந்ததாமே, உண்மையா?

உண்மைதான். காப்பிக் குடும்பத்துச் செடி, வெள்ளைப் பூ பூக்கும். 'காஃபே மாரோன்' என்பது தீவு மக்கள் வைத்த பெயர். காட்டுக் காப்பி என்று பொருள். அழிந்தேபோனது என்று எல்லோரும் கைவிட்டிருந்த நிலையில், 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் அதன் கிளையை ஒடித்துவந்து ஆசிரியரிடம் காட்டினான். செய்தி பரவியதும், மருந்துக்கு ஆகும் என்று ஊரார் கிளைகளை ஒடிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேலி மேல் வேலி போட்டுத்தான் காப்பாற்ற முடிந்தது.

கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் பெருகிவிடுமே, அப்புறம் என்ன கவலை?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். 1986இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போத்து போனது, வேரும் பிடித்தது. ஆனால் போத்திலிருந்து வருவது அதே செடிதான். நூறு தொட்டி வைத்தாலும் ஒரே உயிர். ஒரு நோய் வந்தால் நூறும் போய்விடும். விதை வேண்டும். செடியோ வருடக்கணக்கில் பூத்ததே தவிர, காய்க்கவில்லை.

2003இல் அங்கே தோட்டக்கலைஞராக இருந்த கார்லோஸ் மக்தலேனா, பூவின் சூல்முடியை, அதாவது மகரந்தம் ஒட்டும் நுனியை, சீவிவிட்டு, வெட்டுவாயிலேயே மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் கூடத்தில் சூடு அதிகமான இடத்தில் செடியை வைத்தார். எத்தனையோ பூக்கள் வீணாயின. கடைசியில் காய் பிடித்தது! அந்த விதையில் முளைத்த செடிகள் சிலவற்றில் பெண்பூ வந்தபோதுதான், தாய்ச்செடி ஆண்பூவாகவே பூத்துக்கொண்டிருந்தது புரிந்தது.

நாற்று இலை வேறு மாதிரி இருக்குமாமே?

ஆமாம், ஒல்லியாக, நீளமாக, காய்ந்த சருகு நிறத்தில் இருக்கும். வளர்ந்தபின் அகலமான பச்சை இலை. தீவில் முன்பு திரிந்த ராட்சத ஆமைகளின் கண்ணுக்குத் தப்ப இந்த வேடம் என்பார்கள். ஆமைகள் எப்போதோ அழிந்தன. செடி இன்னும் ஒளிகிறது.

தீவுக்குத் திரும்பியதா?

விதைகள் திரும்பின. அங்கேயே நாற்றும் வளர்ந்தது.

எல்லாச் செடியையும் இப்படி மீட்கலாமா?

முடியாது. மொரீஷியஸின் க்யூர்பைப் தாவரவியல் தோட்டத்தில் ஒரு பனைவகை மரம் இருக்கிறது. அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதற்கு ஒரே குருத்து. போத்து எடுக்க வழியில்லை. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில்தான், ஆனால் வெவ்வேறு வேளையில் பக்குவமாகின்றன. சோதனைக்கூடத்தில் முளைக்கவைத்த கன்றுகள்கூட மண்ணுக்கு மாற்றியபோது பட்டுப்போயின.