மக்கள் குறைவாக வாழும் கிராமங்களில் பள்ளிகள் தரமான கல்வி தர எது உதவும்?

கேட்டவர் ஏதோ ஐடி கம்பெனியில் இருப்பவர், சிஎஸ்ஆர் பணத்தில் (கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) நாலு டேப்லெட் வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர் என நினைக்கிறேன். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். என் பதில், ஆசிரியர் அங்கேயே தங்க ஒரு வீடு. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியர், இப்போது தாம்பரம் பக்கம் வேலை பார்க்கிறேன். முதல் பணியிடம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஒரு ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். கணக்கு சரிதான், ஆனால் வகுப்பு ஐந்தாயிற்றே! ஒருவரைப் பயிற்சிக்கோ மாற்றுப்பணிக்கோ கூப்பிட்டுவிட்டால் மிச்சமிருப்பவர் தலையில் ஐந்து வகுப்பும் விழும், டவர் கிடைக்கிற பாறையைத் தேடிப் போய் அனுப்ப வேண்டிய ஆன்லைன் பதிவும் சேர்த்து.

அப்போது கைகொடுத்தது செயல்வழிக் கற்றல் அட்டைகள், அதாவது பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, பிள்ளை தன் வேகத்தில் தானே செய்து பார்க்கிற அட்டைகள். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் இருக்கிற ரிஷிவேலி பள்ளிக்காரர்கள் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை அது. 2003ல் நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, அப்புறம்தான் மாநிலம் முழுக்கப் போனது. 'அட்டையை அடுக்கினால் படிப்பு வந்துவிடுமா' என்று திட்டாத ஆளில்லை. நகரத்துப் பெரிய பள்ளிகளைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. பல வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் இடத்தில், மூன்றாம் வகுப்புப் பையன் ஏணிப்படியை (எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் படம்) பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்வான், நான் ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்கார்ந்திருப்பேன். சாமை அறுப்புக்குப் போய்விட்டு வரும் பிள்ளை விட்ட அட்டையிலிருந்தே தொடங்கும்.

சரி, வீட்டு விஷயம். ஊரிலேயே ஒரு வீட்டின் முன்னறை எனக்குக் கிடைத்தது. ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கச் சொன்னபோது, "பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் எப்படி சார் விடறது" என்றார் அவள் அப்பா. தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் என் பேச்சு, அதனால் விடாமல் பேச முடிந்தது. கடைசியில் "நீங்க கூட வந்தா விடறேன்" என்றார். போனேன், சேர்த்தோம். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இந்தப் பேச்சுக்கு நேரம் ஏது? உடனே யாரும் கொடி பிடிக்க வேண்டாம், மலைக்குக் கீழே போளூரிலிருந்து தினமும் வந்து போன ஆசிரியர்களைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. வீட்டில் வயதானவர்கள், கைக்குழந்தை. மலையில் வாடகைக்கு வீடும் இல்லை.

   

2023ல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது பெரிய விஷயம். வெறும் வயிற்றோடு காட்டுப் பாதையில் நடந்து வந்த பிள்ளைகளைப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். உங்களிடம் பணம் இருந்தால் டேப்லெட் கடைக்குப் போகாமல் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடம் பேசுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீரும் ஆசிரியர் தங்க ஓர் அறையும்தான் முதலில் கேட்பார்கள்.