ரத்தம் ஓடுது, பயம் எங்க போச்சு?

கேள்வி: அண்ணா, போன கிழமை கூட்டாளிமார் அஞ்சு பேர் சேர்ந்து லப்டொப்பில ஒரு இங்கிலீஷ் படம் பாத்தம். ஆக்களைக் கடத்திக்கொண்டு போய் கதிரையில கட்டி வச்சு ஒவ்வொரு விரலா வெட்டுற படம். பாத்தா ஒரு மாசத்துக்கு நித்திரை வராது எண்டுதான் எல்லாரும் சொன்னவங்கள். ஆனா பாதிப் படத்தில ஒருத்தன் போன் நோண்டத் தொடங்கிட்டான், இன்னொருத்தன் கொத்து ரொட்டி வாங்கப் போயிட்டான், எனக்கு வயித்தைப் பிரட்டினதே தவிர பயம் எண்டு ஒண்டும் வரேல்ல. சின்னனில பாத்த சாதாரண பேய்ப்படத்தை நினைச்சா இப்பவும் இரவில கிணத்தடிக்குத் தனியப் போக மனம் வராது. ஏன் இப்பிடி?
- வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, உங்கட வயிறு சரியாத்தான் சொல்லியிருக்கு. அருவருப்பு வேற, பயம் வேற. இதை எங்கட ஆக்கள் எப்பவோ பிரிச்சு வச்சிட்டாங்கள். தொல்காப்பியத்தில மெய்ப்பாட்டியல் எண்டு ஒரு பகுதி இருக்கு, மனிசனுக்கு வாற உணர்ச்சியை எட்டா வகுத்துச் சொல்லுது, அதில இளிவரல், அதாவது அருவருப்பு ஒண்டு, அச்சம் இன்னொண்டு. அச்சம் எதால வரும் எண்டா அணங்கு (பேய், தெய்வம் மாதிரி), விலங்கு, கள்வர், இறை (அரசன் மாதிரி மேல நிக்கிறவங்கள்) எண்டு நாலு. இளிவரல் எதால வரும் எண்டா மூப்பு, பிணி, வருத்தம், மென்மை எண்டு நாலு. வருத்தம் எந்தப் பக்கம் நிக்குது எண்டு பாருங்கோ. அச்சத்துக்குச் சொன்ன நாலும் எங்களுக்கு வெளியில நிண்டு எங்களை நோக்கி வாற சாமான்கள், என்ன செய்யும் எண்டு தெரியாது, அதுதான் நெஞ்சு அடிக்குது. மற்ற நாலும் ஏற்கனவே ஒரு உடம்பில வந்து இறங்கின சங்கதி. இந்த வெட்டுற படக்காரங்கள் போஸ்டரில அச்சத்தைக் காட்டி டிக்கெட் வித்துப்போட்டு உள்ளுக்க இளிவரலை மட்டும் ரெண்டு மணித்தியாலம் ஊத்துறாங்கள், அப்ப நீங்கள் ஏமாந்து போனதில என்ன பிழை.

நான் ஒரு காலத்தில பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட சிடி கடை ஒண்டில வேலைக்கு நிண்டனான். இந்த வகைப் படங்கள் உலகம் முழுக்கப் பறந்த காலம் அது. பேய்ப்பட சிடி வாடகைக்குப் போனா ரெண்டு நாள் வராது, பக்கத்து வீட்டுக்கும் கைமாறிப் போயிடும். சித்திரவதைப் பட சிடி அடுத்த நாள் காலமையே வந்திடும், எப்பிடி இருந்தது தம்பி எண்டு கேட்டா எந்த சீனில எதை வெட்டினவங்கள் எண்டுதான் சொல்லுவாங்கள், ஆர் செத்தது, அவன் எந்த ஊர், அவனுக்குக் கலியாணம் முடிஞ்சதா எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது. பிரச்சினை அதுக்குள்ளதான் இருக்கு எண்டு எனக்கு விளங்க கனகாலம் எடுத்தது.

இந்த அலையைத் தொடக்கி வச்சது 2004ல வந்த ‘சா’ (Saw, அறுக்கிற வாள்) எண்ட படம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். ஜேம்ஸ் வான் எடுத்தது, 18 நாளில, 12 லட்சம் டொலர் அளவு செலவில எடுத்து உலகம் முழுக்க 10 கோடி டொலருக்கு மேல உழைச்ச படம். ஆனா அந்த முதல் படத்தைத் திரும்ப ஒருக்கா ஆறுதலாப் பாருங்கோ. ஒரு பழைய குளியலறை, ரெண்டு பேரை சங்கிலியில கட்டியிருக்கு, ஏன் இங்க வந்தம், மற்றவன் சொல்லுறது உண்மையா பொய்யா, வீட்டில இருக்கிற பிள்ளைக்கும் மனிசிக்கும் என்ன நடக்குது. இதுதான் படம். காலை அறுக்கிற அந்த சீனில கூட கனக்கக் காட்டுறது முகத்தைத்தான், சத்தம்தான். ஆனா அதில பணம் வந்தது எண்டவுடன ஆக்கள் பிடிச்சுக்கொண்டது அந்தக் குளியலறையை இல்ல, அந்த வாளைத்தான். 2010 வரைக்கும் வருசத்துக்கு ஒண்டு, மொத்தம் ஏழு படம். ஒவ்வொண்டிலயும் மெசின் பெரிசாகுது, மெசினுக்குள்ள மாட்டின மனிசன் சின்னனாகிறான். கடைசியில பேர் கூட மனசில நிக்காத ஆக்கள் வந்து செத்துப் போறாங்கள்.

இந்த வகைக்கு 2006ல டேவிட் எடல்ஸ்டீன் எண்ட அமெரிக்க விமர்சகர் ஒரு பேர் வச்சார், சித்திரவதையை ஆபாசப் படத்தோட சேர்த்து வச்ச பேர். கேக்க கடுமையான பேர்தான், ஆனா அதில ஒரு உண்மை இருக்கு. அந்தப் படங்களிலயும் கதை எண்டது அடுத்த சீன் வரும்வரைக்கும் இடத்தை நிரப்பத்தான். பாக்கிறவனுக்கும் அது தெரியும், அதால கதை நடக்கேக்க போனை எடுக்கிறான், கத்தல் கேட்டா நிமிந்து பாக்கிறான். உங்கட கூட்டாளி செய்ததும் அதுதானே.

2009 ஒக்டோபரில என்ன நடந்தது தெரியுமா, ஆறாவது ‘சா’ வந்த அதே கிழமை ‘பாராநோர்மல் அக்டிவிட்டி’ எண்டு 15,000 டொலர் அளவில ஒரு வீட்டுக்குள்ளயே எடுத்த படம் அதை அடிச்சு முதலாம் இடத்துக்குப் போயிட்டுது. அதில என்ன இருக்கு? இரவில படுக்கை அறையில ஒரு கமெரா, கதவு கொஞ்சம் தானா அசையுது, போர்வை கொஞ்சம் எழும்புது. அவ்வளவுதான். சனம் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது அந்தக் கதவைப் பாத்து.

1960ல வந்த ஹிட்ச்கொக்கின்ர ‘சைக்கோ’ குளியல் சீனும் அப்பிடித்தான். கத்தியால குத்திறது ஒரு நிமிசம் கூட இல்ல, கறுப்பு வெள்ளை, ரத்தத்துக்கு சொக்லட் பாகு, கத்தி உடம்பில இறங்கிறதைக் கிட்டத்தட்ட காட்டவே இல்ல. எல்லாரும் அந்த எடிட்டிங்கைப் பற்றித்தான் கதைப்பினம், எனக்கு அதை விடப் பெரிசாத் தெரியிறது வேற ஒண்டு. அதில குத்து வாங்கிற பொம்பிளை 40,000 டொலரைக் களவெடுத்துக்கொண்டு ஓடி வந்தவ, நாங்கள் படத்தின்ர தொடக்கத்தில இருந்து அவவோடயே கார்ல வாறம், பொலிஸ் மறிக்கேக்க அவவோட சேர்ந்து வேர்க்கிறம், கடைசியில பணத்தைத் திருப்பிக் குடுப்பம் எண்டு அவ முடிவெடுத்து மனம் ஆறிக் குளிக்கப் போறா. அப்பதான் திரைக்குப் பின்னால நிழல் தெரியுது. அது உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு நடக்கிற மாதிரித்தானே இருக்கும்?

இதை நான் சினிமாவில மட்டும் படிச்சதில்ல தம்பி. உங்கட வயசுக்கு அந்தச் சண்டைக் காலம் தெரியாது, வீட்டில பெரியாக்களைக் கேளுங்கோ. திருகோணமலையில நாங்கள் சின்னப் பிள்ளையளா இருக்கேக்க ராவில பயம் எண்டா நாய் குலைக்கிற சத்தம்தான். தூரத்து ஒழுங்கையில ஒரு நாய் குலைக்கும், பேந்து பக்கத்து ஒழுங்கையில, பேந்து எங்கட ஒழுங்கையில. அம்மா விளக்கை ஊதி அணைப்பா. அந்தக் காலடி எங்கட படலையில நிக்குமா தாண்டிப் போகுமா, அந்த ஒரு நிமிசம் ஒருத்தரும் மூச்சு விட மாட்டம். சித்திரவதை எண்ட சொல்லை நாங்கள் படத்தில கேட்டுப் படிக்கேல்ல. பிடிபட்டுப் போய் வீட்டுக்குத் திரும்பி வந்தவங்கள் காயத்தைக் காட்டினதும் இல்ல, சாப்பிட இருக்கேக்க கை நடுங்கினதைத்தான் நாங்கள் கண்டனாங்கள். அதைக் கண்ட ஒருத்தனுக்கு ரப்பர் விரலைக் காட்டி பயப்பிடு எண்டா எப்பிடிப் பயப்பிடுவான், கோவம்தான் வரும். எனக்கு வாறது.

கேள்வி: அப்ப சித்திரவதையை படத்தில காட்டவே கூடாது எண்டு சொல்லுறீங்களா?
- வாசகர், மூதூர்

பதில்: இல்லவே இல்ல. வெற்றிமாறன்ர ‘விசாரணை’ பாருங்கோ, 2015ல வெனிஸ் விழாவுக்குப் போன படம், கோயம்புத்தூர் ஓட்டோ டிரைவர் மு. சந்திரகுமார் தான் அனுபவிச்சதை எழுதின ‘லாக்கப்’ புத்தகத்தில இருந்து வந்தது. அதில பொலிஸிட்ட அடி வாங்கிறவங்கள் ஆந்திராவில குண்டூருக்குப் பிழைக்கப் போன பெடியங்கள், பார்க்கில படுத்தெழும்பி வேலைக்குப் போறவங்கள், பகிடி விட்டுச் சிரிக்கிறவங்கள். அவங்களுக்கு விழுற ஒவ்வொரு அடியிலயும் செய்யாத களவை ஒத்துக்கொள்ளுறதா இல்லையா எண்ட கேள்வி இருக்கு. அதைப் பாக்கேக்க நான் ஒரு சீனையும் ரசிக்கேல்ல, ஆனா கண்ணை எடுக்கவும் ஏலாமப் போச்சு. போன் எங்க வச்சன் எண்டே மறந்திட்டன்.

திகில் படத்துக்குள்ளயும் இருக்கு. ஜப்பான்ல தகாஷி மீக்கே 1999ல எடுத்த ‘ஒடிஷன்’, மனிசி செத்துப்போன ஒருத்தர் ரெண்டாங் கலியாணத்துக்குப் பொம்பிளை தேடுற கதை, முக்கால்வாசி அன்பான குடும்பப் படம் மாதிரித்தான் போகும். ஒரு வெறும் அறை, ஒரு டெலிபோன், வாய் கட்டின ஒரு சாக்கு. போன் அடிச்சவுடன சாக்கு அசையுது. கடைசியில வாற கொடுமை எல்லாம் எனக்கு மங்கிப் போச்சு, அந்த சாக்கு மங்கேல்ல. 2023ல வந்த பத்தாவது ‘சா’ படத்தையும் கனபேர் நல்லா இருக்கு எண்டு சொன்னதுக்குக் காரணம் இதுதான் எண்டு நினைக்கிறன், புற்றுநோய் வந்த ஒரு கிழவரை பொய் வைத்தியம் சொல்லி ஏமாத்துறாங்கள், முதல் பாதி முழுக்க நாங்கள் அந்த மனிசனோட இருக்கிறம்.

கேள்வி: என்ர மகனுக்கு 13 வயசு. ஒளிச்சு வச்சு இப்பிடியான படங்கள் பாக்கிறான். போனைப் பறிச்சிட்டன், ஆனா கூட்டாளிமார்ட போனில பாக்கிறான். என்ன செய்யிறது?
- தாய் ஒருவர், உவர்மலை

பதில்: அக்கா, அந்த வயசில பெடியங்கள் இதைப் பாக்கிறது கனக்க, ஆர் கண்ணை மூடாம இருக்கிறான் எண்ட போட்டியிலதான். 13 வயசுக்கு உரிய படம் இல்ல, அதில மாற்றுக் கதை இல்ல. ஆனா பறிச்சதோட நிக்காதேங்கோ, ஒருநாள் பக்கத்தில இருத்தி அந்தப் படத்தில செத்துப் போனவன்ர பேர் என்ன எண்டு கேளுங்கோ. அவனுக்கு யோசிக்க வரும். அவன் நித்திரையில எழும்புறான், தனியக் கதைக்கிறான், சாப்பாடு குறைஞ்சிட்டுது எண்டா டொக்டரிட்டக் காட்டுங்கோ, பிந்த வேண்டாம்.

கேள்வி: நாங்கள் மூண்டு பேர் சேர்ந்து ஒரு திகில் குறும்படம் எடுக்கப் போறம். கையில 20,000 ரூபாதான் இருக்கு. உண்மையான ரத்தம் மாதிரி எப்பிடிச் செய்யிறது?
- மாணவி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, சீனிப் பாகைத் தடிப்பாக் காய்ச்சி, சிவப்பு கலரிங்கோட கொஞ்சம் கொக்கோத் தூள் போட்டுக் கலக்குங்கோ, வெறும் சிவப்பு கமெராவில பெயின்ட் மாதிரி அடிக்கும். 500 ரூபாவுக்கு மேல அதுக்குப் போட வேண்டாம். மிச்சக் காசில நல்ல மைக் ஒண்டு வாடகைக்கு எடுங்கோ. கடற்கரை வாடி ஒண்டில இரவு போய் நிண்டு பாருங்கோ, அலைச் சத்தத்துக்கு நடுவில கிடுகு உரசுற சத்தம் கேக்கும், அதைத் தனியா ரெக்கோர்ட் பண்ணி வையுங்கோ. முதல் நாள் ஷூட்டிங்கில ரத்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம், உங்கட கதையில வாற அந்தப் பிள்ளை வீட்டில தேத்தண்ணி ஊத்திறது, தம்பியோட சண்டை பிடிக்கிறது, செருப்பைத் தேடுறது, இதுகளை எடுங்கோ. எடுத்து முடிச்சா எனக்கு அனுப்புங்கோ, கட்டாயம் பாப்பன்.