மறுபடியும் அதே மாதிரி பசங்களோடு சேர்த்துவிடுவதா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு வருடமாகக் கஞ்சா பிடிக்கிறான் என்பது போன மாதம்தான் தெரிந்தது. அடித்தோம், அழுதோம், குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்கினோம். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. டாக்டர் கவுன்சலிங்கோடு, ‘இதிலிருந்து மீண்ட பையன்கள் நடத்தும் குழுவுக்கும் அனுப்புங்கள்’ என்கிறார். கூட்டாளிகளால் கெட்டவனை மறுபடியும் அதே மாதிரி பசங்களோடு சேர்த்துவிடுவதா? – ஒரு தாய், ஈரோடு.

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, சகோதரி. அமெரிக்காவில் வழிதவறக்கூடிய நிலையில் இருந்த பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். குழுவில் இருந்தவர்களிடம் புகைப்பழக்கம் கூடியதுதான் மிச்சம். தாமஸ் டிஷனும் சக ஆய்வாளர்களும் 1999-இல் இதை எழுதினார்கள். ஒருவன் தன் ‘சாகசத்தை’ச் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த வயதில் அந்தச் சிரிப்பைவிடப் பெரிய பரிசு ஏது?

ஆனால் டாக்டர் சொல்வது அந்த மாதிரிக் குழுவை அல்ல. இங்கே நடுவில் உட்கார்ந்திருப்பவன் அந்தப் பழக்கத்தை விட்டவன். ‘இன்னிக்கு ராத்திரி கை நடுங்கும், தூக்கம் வராது, கூட்டாளி போன் பண்ணுவான்’ என்று அவன் சொன்னால் உங்கள் மகன் நிமிர்ந்து பார்ப்பான். நீங்களோ நானோ சொன்னால் மொபைலைத்தான் பார்ப்பான்.

1953-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய, போதையிலிருந்து மீள்பவர்களே நடத்தும் ‘நார்காட்டிக்ஸ் அனானிமஸ்’ என்ற அமைப்பு இப்படித்தான் நடக்கிறது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்பதில்லை. புதிதாக வருபவருக்கு வெள்ளை நிறச் சாவிக்கொத்து அட்டை. 30 நாள் தாண்டினால் ஆரஞ்சு. நடுவில் சறுக்கினால் துரத்துவதில்லை, மறுபடி வெள்ளையிலிருந்து ஆரம்பம். சத்தியம் உடைந்ததும் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

மத்திய அரசின் போதைத் தடுப்புத் திட்டத்திலும் சக வயதினரை வைத்து நடத்தும் மையங்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் போதையை இன்னும் தொடாத பிள்ளைகளைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு. உங்கள் மகன் அந்த இடத்தைத் தாண்டிவிட்டான்.

அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை போய் விசாரியுங்கள். நடத்துபவர் எவ்வளவு காலமாக விலகி இருக்கிறார்? அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார்? வருகிறவர்கள் எல்லாருமே நேற்று வந்தவர்களா, வருடக்கணக்கில் நிற்பவர்களும் இருக்கிறார்களா? ஒரு பையன் ‘சாகத் தோணுது’ என்றால், காதில் குரல் கேட்கிறது என்றால், யாரிடம் கூட்டிப்போவார்கள்? கஞ்சா சிலருக்கு மனநோயைக் கிளப்பிவிடும். அங்கே அண்ணன்மார் பேச்சு போதாது, மனநல மருத்துவர்தான் வேண்டும். இதற்கு அவர்கள் பதில் சொல்லத் திணறினால், வேறு குழு பாருங்கள். டாக்டர் சொன்னார் என்பதற்காக எல்லாக் குழுவும் நல்ல குழு ஆகிவிடாது.

சரி, சேர்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்ததும் ‘யாரெல்லாம் வந்தாங்க, என்ன பேசினீங்க’ என்று குடையாதீர்கள். அங்கே பேசியது வெளியே வராது என்ற நம்பிக்கையில்தான் அவன் வாயே திறப்பான்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் அவன் அப்பாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போதையில் சிக்கியவர்களின் குடும்பத்தாருக்கும் தனிக் கூட்டங்கள் உண்டு. இருவரும் சேர்ந்து போங்கள். அருகில் எங்கே சிகிச்சை மையம் இருக்கிறது என்று 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். உங்களுக்கே மனம் தாளாத இரவுகளில் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.